ரேக்குக்கு வைத்த பொட்டு

நிறுவனத்தின் லகாட் கிளைச் சோதனைக்கூடத்தில் எந்நேரமும் பதினெட்டு டிகிரிதான். இரண்டு சுவெட்டரைப் போட்டுக்கொண்டு தினேஸ்வரி மூன்று மணி நேரமாகத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையிலிருந்து கோலாலம்பூர் பொறியாளர்கள் நாற்பது பேருக்கும் தொலைவிலிருந்து உள்ளே வரும் வி.பி.என். இணைப்பு கிடைக்கிறது, ஆனால் கூடத்துக் கருவி ஒன்றுகூட அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவளுடைய ஆறு மாத ஒப்பந்தம் முடிகிறது. நான்கு முறை புதுப்பித்தவர்கள் மறுபடி புதுப்பிப்பார்களா என்பது இந்தக் கோளாறு யார் தலையில் விழுகிறது என்பதில் இருந்தது.

தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் ரோய்ஸ்டன். கருவிகளை அடுக்கியிருக்கும் ரேக்கைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்பினாள், வந்தது வினை. கருவிகளின் மூடியெல்லாம் சந்தனமும் குங்குமமும். போன வாரம் ஆயுத பூசைக்கு வைத்தது. ரப்பர் தோட்டத்தில் அப்பா பால்வெட்டும் கத்திக்குப் பொட்டு வைத்தார். மகள் தனக்குச் சோறு போடும் ரேக்குக்கு வைத்தாள். கேபிள் செருகும் துவாரங்களில் ஒரு துளிகூடப் படவில்லை. மேலாளரோ படத்தை எல்லாருக்கும் அனுப்பி, இதுதான் காரணமா என்று கேட்டிருந்தார்.

தினேஸ்வரி கேபிள்களை விட்டுவிட்டு எழுந்தாள். மடிக்கணினியைச் செருகி, வந்துபோகிற தகவலையெல்லாம் பிடித்துப் பார்த்தாள். பொறியாளர்களின் கேள்வி ஒழுங்காக வந்தது. கருவிகளும் பதில் கொடுத்தன. அந்தப் பதில்தான் இணைய வாசலில் காவல் இருக்கும் ஃபயர்வாலோடு நின்றுபோனது. கேட்டவர்களின் கணினி முகவரிகள் எல்லாம் புதியவை. சனிக்கிழமை யாரோ அவற்றை மாற்றிவிட்டு, புது முகவரிக்குத் திரும்பும் வழியை ஃபயர்வாலில் எழுத மறந்திருக்கிறார்கள். அதன் கடவுச்சொல் ஒப்பந்த ஊழியர்களுக்குக் கிடையாது. கண்டதை ஆதாரத்தோடு ரோய்ஸ்டனுக்கு அனுப்பினாள்.

பத்தே நிமிடத்தில் நாற்பது பேருக்கும் கருவிகள் பதில் சொல்லின. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு ரோய்ஸ்டன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"வழிய சேர்த்துட்டேன்கா. சனிக்கெழம மாத்துனது நான்தான்."

"அப்ப மேனேஜர்கிட்ட சொல்லிருங்க தம்பி. பொட்டாலன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"ரிப்போர்ட் போயிருச்சிக்கா. லேப்புல கிளீன் பண்ணதும் சரியாயிருச்சின்னு எழுதிட்டேன். நான் செஞ்சதுன்னு எழுதுனா என் கத முடிஞ்சிரும். ஒங்க கான்ட்ராக்ட் எப்படியும் வெள்ளிக்கெழம முடியுதுதானே லா."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அதே ஆதாரத்தை அவள் மேலாளருக்கு நேராக அனுப்பிப் பார்த்தாள். புகார் முடிக்கப்பட்டது என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றும், ரேக்கைத் துடைத்துப் படம் அனுப்பும்படியும் அதன் கீழேயே இருந்தது.

ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பச்சை விளக்குகள் நிற்காமல் சிமிட்டிக்கொண்டிருந்தன. அவள் எடுத்த படத்தின் ஓரத்தில் குங்குமம் பட்ட விரல் விழுந்திருந்தது. கையைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னார் மேலாளர்.