கெஹிந்தேயின் படம்

கிழங்கு அடுக்கும் சின்ன அறையை லடிப்போ ஒரே நாளில் காலி செய்துவிட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தார். கதவிடுக்கில் மனைவி மொரெனிகேயின் பழைய இடுப்புத்துணியைச் சுருட்டி அடைத்தார். பிறகு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டு, ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்கே கசிகிறது என்று தேடித் தேடி மூடினார். வடக்கே கானோவுக்கு லாரி ஓட்டுகிற மனிதர் வண்டியைக்கூட இவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு டோயின் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏன்டி, இந்த இபாதான்ல பொழுது சாஞ்சா கரண்டே போயி ஊர் பூரா இருட்டறைதான். உன் புருஷன் படம் கழுவ எதுக்குடி காசைக் கொட்டித் தனியா ஒண்ணு கட்டுறார்?"

வேறு நாளாக இருந்தால் மொரெனிகே சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று கேட்காததுபோல் உள்ளே போய்விட்டாள். அந்த அறையில் என்ன வெளிவரப்போகிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளுடைய இரட்டைப் பெண்கள் தாய்வோ, கெஹிந்தே இருவரில் கெஹிந்தே அம்மை கண்டு போய்விட்டாள். லடிப்போ அப்போது வடக்கே இருந்தார். அவர் வந்து சேர்வதற்குள் புதைத்தாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இரட்டையில் ஒன்று போனால், இருக்கிற பிள்ளையையே இரண்டு முறை உட்காரவைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தாளில் படம் போடுவார்கள். இரண்டு பேரும் வீட்டில் இருக்கிறார்கள் என்று ஆகிவிடும். படக்கடைக்காரரும் அதைத்தான் சொன்னார். லடிப்போவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை எதுக்குய்யா நிக்கணும்? அவளையே நான் எடுத்து வச்சிருக்கேன். கேமராவுக்குள்ளேயே இருக்கா."

அந்த ஃபிலிம் சுருளை யார் கையிலும் கொடுக்க அவருக்கு மனசு இல்லை. படத்தைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் பழைய கருவி ஒன்றை வாங்கிவந்தார். தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, சுருளைத் தானே கழுவிக் காயவைத்தார். சுருளில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்குமே, முகம் பிடிபடாது. சட்டை மட்டும் தெரிந்தது. பூப்போட்டது தாய்வோவுடையது, புள்ளி போட்டது கெஹிந்தேயுடையது.

அந்த நாளை மொரெனிகே எத்தனை தடவை நினைத்து அழுதிருப்பாள்! சுருளில் இரண்டு படம்தான் பாக்கி. விடிந்தால் அவர் கிளம்ப வேண்டும். பூச்சட்டையில் தாய்வோவை எடுத்தாயிற்று. கெஹிந்தே உள்ளே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினால் ஊரைக் கூட்டுவாள். "சீக்கிரம், வெளிச்சம் போகுது" என்று வாசலில் அவர் பறந்தார். மொரெனிகே என்ன செய்தாள்? தாய்வோவுக்கே புள்ளிச் சட்டையை மாட்டிக் கொண்டுவந்து உட்காரவைத்தாள். பெற்ற அப்பனுக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். செத்த பிள்ளைக்குச் செய்வதை, உள்ளே உயிரோடு தூங்கும் பிள்ளைக்குச் செய்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. அம்மை வந்த பிறகு உறைத்தது. தன் கையாலேயே அவளை அனுப்பிவைத்ததாக அவள் நம்பினாள்.

"இரட்டைங்க அம்மா! ஐஸ் கொண்டா. தண்ணி சுடுது, இந்தச் சூட்டுல படம் கெட்டுடும்" என்று இருட்டறையிலிருந்து லடிப்போ கூப்பிட்டார்.

அவள் ஐஸை எடுத்துக்கொண்டு போனாள். அவர் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கின் கீழ் வரிசையாகத் தட்டுகள். கருவியின் வெளிச்சத்தைத் தாளில் காட்டி எடுத்து, முதல் தட்டில் நழுவவிட்டு மெல்ல ஆட்டினார். வெள்ளைத் தாளில் புள்ளிகள் வந்தன. பிறகு கண், பிறகு சிரிப்பு.

"வந்துட்டா" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாரு, எப்படிச் சிரிக்கிறா. கடைசியா என்னைப் பார்த்து அவ சிரிச்சது இதுதான்."

அப்படியே விட்டுவிடலாம். அவருக்கு ஆறுதலாகவாவது இருக்கும். ஆனால் அவர் அழுவதைப் பார்க்கப் பார்க்க அவளால் தாங்க முடியவில்லை.

"அது தாய்வோங்க."

"என்ன உளர்றே? சட்டையைப் பாரு."

"நான்தான் மாத்திவிட்டேன். கெஹிந்தே தூங்கிட்டிருந்தா. அவளை நீங்க எடுக்கவே இல்லை."

அவர் குனிந்து சட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உயிரோட இருக்கிறப்பவேவா?" என்றார். கதவைத் திறந்துகொண்டு போய் முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பகல் வெளிச்சம் தட்டில் விழுந்தது. இன்னும் கழுவி முடிக்காத தாளில் முகம் கறுக்கத் தொடங்கியது. மொரெனிகேவுக்கு அதை எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை, இரண்டு கையாலும் தட்டை மறைத்தாள். அப்பா போனதைப் பார்த்துவிட்டு தாய்வோ உள்ளே ஓடிவந்தாள். குதிகாலை உயர்த்தி, அம்மாவின் விரலிடுக்கு வழியே பார்த்தாள்.

"அம்மா, கெஹிந்தே! அப்பா, கெஹிந்தே இங்க இருக்கா! தண்ணிக்குள்ள போறா, தூக்குங்கப்பா!"

தன் முகத்தை அவள் எங்கே பார்த்திருக்கிறாள்? அந்த முகத்தில் பிறந்ததிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் தங்கையைத்தான். தாள் முழுதும் கறுத்தபோது அவள் வீறிட்டு அழுதாள்.

லடிப்போ வந்தார். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார். வெகுநேரம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கருவியின் கீழ் வைத்தார். படக்கடையில் எதற்குச் சண்டை போட்டாரோ அதையே செய்ய ஆரம்பித்தார்.

"இந்த அட்டையை நீ பிடி" என்றார் மனைவியிடம், முகத்தைப் பார்க்காமல். "முதல்ல இந்தப் பாதியை மூடு. பூச்சட்டைப் படம் தாள்ல விழுந்ததும் அந்தப் பக்கம் மாத்து. கை ஆடக் கூடாது. ஆடினா ரெண்டு பேருக்கும் நடுவுல வெள்ளையா கோடு விழும்."

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தாள். முதல் பாதி முடிந்தது. அட்டையை மாற்றினாள். தட்டில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் எழுந்து வந்து சிரித்தார்கள். தாய்வோ கை தட்டினாள்.

கோடு விழுந்திருந்தது. லடிப்போ வேறு தாள் எடுக்கவில்லை, அதையே காயப் போட்டார்.