எங்கள் வீட்டுக் கார்

அன்று ஏரி மேட்டில் இருந்தவர்கள் இவர்கள்தான்: மாரமங்கலம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் பாக்கியநாதன் ஆகிய நான், என் மனைவி ஞானசுந்தரி, மணப்பெண்ணான எங்கள் மகள் தேவகுமாரி, காரின் சொந்தக்காரனான என் தம்பி மனுவேல், தள்ளுவதற்கென்றே ஏற்றி வந்த மெக்கானிக் ஐயாக்கண்ணு. கண்ணால் பார்த்ததாகச் சொல்லித் திரியும் மற்ற எல்லோரும் அந்நேரம் மாதா கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன துரை தன் கிழட்டு நாயைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். காரை மட்டும் விட்டுப் போனார். விஷயம் மனுவேலுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அவன் அதை வாங்கினான். மழை பெய்தால் அது கிளம்பாது. வெயில் அடித்தால் கொதிக்கும். இறக்கத்தில் மட்டும் நன்றாக ஓடும். உருட்டிவிட்ட பாறையும் அப்படித்தான் ஓடும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, "என்னுங்க மனுவேலு, இன்னிக்கும் காரைக் கூட்டிக்கிட்டு நடக்கறீங்களா?" என்று கேட்பார்கள்.

நிச்சயத்தன்று சேலத்துச் சம்பந்தி அம்மாள் லூர்துசெல்வி, "பொண்ணைக் கூட்டியார நாங்க ஜீப் அனுப்பட்டுங்களா?" என்று கேட்டார். குரலில் இரக்கம் இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

"வேண்டாமுங்க. எங்க ஊட்டுக் கார் இருக்குது" என்றேன்.

எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் அடுத்தவர் வண்டியில் வந்து கோயில் வாசலில் இறங்கியதில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

கல்யாணத்தன்று காலையில் ரேடியேட்டர் ஒழுகியது.

"ஒரு கைப்பிடி மஞ்சத்தூள் போட்டா ஓட்டை அடைச்சுக்குமுங்க. லாரிக்காரங்க பண்றதுதானுங்க" என்றான் ஐயாக்கண்ணு.

மனுவேல் பந்திச் சமையலுக்கு வைத்திருந்த தூளில் ஒரு படியைக் கொட்டினான். "கூடப் போட்டா கூட நாள் நிக்குமுங்கண்ணா!"

ஓட்டை அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஓட வேண்டிய மற்ற வழிகளும் சேர்ந்து அடைத்துக்கொண்டன.

கோயிலுக்குப் போகிற வழியில் ஏரி மேட்டில் கார் புகைந்து நின்றது. கோயில் மணி அடித்தது.

"அந்தம்மா கேட்டப்பவே சரின்னிருந்தா உங்க மீசை உதிர்ந்தா போயிருக்கும்?" என்றாள் ஞானசுந்தரி.

புகை தாங்காமல் தேவகுமாரி இறங்கி எட்ட நின்றாள். மனுவேல் என் அங்கவஸ்திரத்தை உருவி, அதைச் சுற்றிப் பிடித்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். மஞ்சள் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. காற்று அதை அப்படியே என் மகள் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. ஆறிப்போய் விழுந்ததால் சுடவில்லை. வெள்ளைப் பட்டு, தலை நெட், கைப் பூச்செண்டு எல்லாம் மஞ்சள்.

"நொம்ப நல்ல வேளை. சீட்டு மேல படலீங்கண்ணா" என்றான் மனுவேல்.

தேவகுமாரி அழவில்லை. "சித்தப்பா, இந்தக் காரை நீங்களே கட்டிக்குங்க. அப்பா, வாங்க, நடக்கலாம்."

கடைவீதி முனையில் சம்பந்தி வீட்டு ஜீப் எதிரே வந்து நின்றது. "அம்மா அனுப்புனாங்க, ஏறுங்க" என்றான் டிரைவர். நான் வாய் திறக்குமுன், "பக்கந்தானுங்க, நடந்தே வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டு என் மகள் முன்னே நடந்தாள். அவள் என் பெண்.

கோயில் வாசலில் லூர்துசெல்வி அவளை மேலும் கீழும் பார்த்தார். "இதென்னுங்க சம்பந்தி, மஞ்சத் தண்ணி?"

பின்னால் ஓடி வந்த மனுவேல் முந்திக்கொண்டான். "எங்க ஊட்டு வழக்கமுங்க. பொண்ணு மேல மஞ்சத் தண்ணி தெளிச்சுத்தான் கூட்டியாருவோம்."

காரைக் காப்பாற்ற அவன் எதையும் சொல்வான். அதற்குள் பங்குச் சாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் முன்னால் காரைப் பற்றிப் பேசுவது முறையல்ல. பூசை தொடங்கியது. என் மகள் தலை நிமிர்ந்து மாலை மாற்றினாள்.

இப்போது தலைச்சோலை வரைக்கும் ஒரு பேச்சு நடக்கிறது. ரைட்டர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக மணப்பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார்களாம். அது நல்ல ராசியாம். போன கோடையில் இரண்டு வீடுகளில் அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அது ரேடியேட்டர் தண்ணீர்.