வீடு எந்தப் பக்கம்

அண்ணன் வழி தப்பிவிட்டார் என்பது கூடப் பியானோ வாசிக்கும் தம்பியின் விரல்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம், மத்தியான நேரம், பாதி மேஜைகள் காலி. பாட்டில் ஒரே மெட்டு இரண்டு சுற்று வரும், பிறகு வேறு கார்டுகளோடு, அதாவது சேர்ந்து ஒலிக்கிற வேறு சுரக்கூட்டங்களோடு, நடுப்பகுதி. அதற்குள் நுழையவேண்டிய இடத்தில் அண்ணனின் சாக்ஸபோன் பழைய மெட்டையே சுற்றிக்கொண்டிருந்தது.

தூணோரம் மேனேஜர் காபியோடு உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை தடுமாறினால் சாக்ஸபோன் வேண்டாம், பியானோ மட்டும் போதும் என்று போன வாரமே கறாராகச் சொல்லிவிட்டார். வாசிக்கிற இந்த ஒரு மணி நேரம்தான் அண்ணன் அண்ணனாக இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் சட்டைப் பொத்தானைப் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிற யாரோ ஒருவர்.

ஆறு மாதமாகத் தம்பி செய்துவருவது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அண்ணன் தப்பான சுரத்தில் போய் நின்றால், அது சரியாகிவிடும்படி கீழே கார்டை மாற்றிவிடுவான். இப்போதும் டி செவன் கார்டு வரவேண்டிய இடத்தில் அண்ணன் பி ஃபிளாட் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, தம்பி சட்டென்று ஜி மைனர் கார்டுக்குத் தாவினான். உறுத்திய சுரம் ஒட்டிக்கொண்டது. அடுத்ததற்கும் ஒன்று, அதற்கடுத்ததற்கும் ஒன்று. யாரோ கை தட்டினார்கள். மேனேஜர்கூடத் தலையாட்டினார். தம்பிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெருமைப்பட்டதை நினைத்ததும் அண்ணன் பக்கம் திரும்பாமல் கட்டைகளையே பார்த்து வாசித்தான்.

பிறகு சாக்ஸபோன் நின்றுவிட்டது. அண்ணன் பியானோவின் பக்கம் குனிந்தார்.

"வீடு எங்கடா?"

பாட்டு கடைசியில் வந்து அடங்குகிற கார்டுக்குச் சின்ன வயதிலேயே இருவரும் வைத்த பெயர் அது. எந்தச் சந்தில் சுற்றினாலும் வீட்டுக்கு வந்தாக வேண்டும். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாம் மறந்தவருக்கு இது மறக்கவில்லை, எப்படியும் கரை சேர்ந்துவிடலாம்.

"பி ஃபிளாட்ணே," என்று அழுத்திக் காட்டினான். "இதோ. வா."

அண்ணன் அதைப் பொறுமையாகக் கேட்டார். கழுத்து வாரைக் கழற்றி, சாக்ஸபோனைப் பியானோவின் மேல் வைத்தார்.

"அது இல்லைங்க. நான் வீட்டுக்குப் போகணும். தெருப் பேரு மறந்துபோச்சு. நீங்க அந்தப் பக்கமாத்தான் போறீங்களா?"

மேனேஜர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். தம்பி கையை எடுக்கவில்லை. பெடலை மிதித்தபடி அந்தக் கார்டையே மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தான். அண்ணன் மேஜைகளுக்கு நடுவே ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுத் தொட்டு, கதவில்லாத சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.