லோசே வாசிக்காத கடைசி அடி

இசார் ஆற்றின்மேல் கவிந்த மூடுபனி கலையாமலே பகல் சாய்ந்து, எங்கள் மியூனிக் நகரத்துக் கூரைகளெல்லாம் ஈயம் பூசினாற்போல் மங்கிக் கிடந்த நவம்பர்ப் பிற்பகலொன்றில், ஒலிப்பதிவுக் கூடத்துள் இசைக்கலைஞர் அறுபதின்மர் பிரெட்சல் ரொட்டியை மென்றபடி ஓய்ந்திருக்க, ஒருவர் மட்டும் பசி மறந்து பொருமிக்கொண்டிருந்தார். அவர் எக்கார்ட் லோசே, திரைப்படங்களுக்கு இசையமைப்பவர்.

இளமையில் அவர் புகழ்பெற்ற இசையமைப்பாளர் சீபோல்டிடம் பணியாற்றினார். எழுதியவர் லோசே, திரையில் ஒளிர்ந்ததோ சீபோல்டின் பெயர். அத்தொழிலின் வழக்கம் அதுவாம்! வழக்கமென்று பெயரிட்டுவிட்டால் திருட்டுக்கும் மாலை மரியாதை கிடைத்துவிடுகிறது. சீபோல்டோ சென்ற வேனிலில் மாண்டுபோனார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிய இசை அமையும்வரை பழைய படமொன்றின் இசையைக் காட்சிக்கு அடியில் இட்டுவைப்பார்கள். அதையே கேட்டுக் கேட்டு இயக்குநர் மயங்கிவிடுவார். இயக்குநர் ரூடிகர் இட்டுவைத்ததோ சீபோல்டின் பேரால் உலகம் கொண்டாடும் ஆற்றங்கரை இசை. அதுவும் லோசே எழுதியதே! அந்தப் பழைய படத்தில் காட்சியை வெட்டியபோது இசையும் பாதியில் அறுந்தது; மீதியை அவரன்றி எவரும் கேட்டதில்லை.

"நல்லாத்தான் இருக்கு லோசே. ஆனா பெரியவரோட இசை மாதிரி நெஞ்சப் பிடிக்கலையே!" என்றார் ரூடிகர்.

"அத எழுதினதே நான்தான்."

"பெரியவர் கண்ண மூடினதும் அவர் இசைக்கு எத்தன அப்பனுங்கய்யா கிளம்புறீங்க! சரி, அறுந்துபோன மீதிய வாசிங்க பாப்போம். உங்க பேரக் கொட்டை எழுத்துல போடுறேன்."

பெயர்! வாழ்நாளெல்லாம் அவர் வேண்டியது அது ஒன்றே. ரூடிகர் ஒலிப்பதிவாளர் இருந்த கண்ணாடி அறைக்குள் போனதும் லோசே பியானோவின் முன் அமர்ந்தார். உலகறிந்த இசை அறுந்த இடத்தைக் கடந்து, கரையேறி, புல்வெளியில் நடந்து, வீடு நோக்கித் திரும்பியது அவ்விசை. ரொட்டி மென்ற வாய்கள் அசைவற்று நின்றன.

அப்போது, கூடத்தாரோடு பேசும் ஒலிபெருக்கியை அணைக்க மறந்த ரூடிகரின் குரல் அனைவர் செவியிலும் விழுந்தது.

"சத்தமில்லாம பதிவு பண்ணுப்பா. பெரியவர் விட்டுட்டுப் போன கடைசி இசைன்னு சுவரொட்டி ஒட்டினா கூட்டம் அள்ளும்."

பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைசி அடி மட்டுமே எஞ்சியிருக்க, லோசே கைகளை எடுத்துவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஒரே ஒரு அடிதானே, முடிச்சிடுங்க!" என்று ரூடிகர் ஓடிவந்தார்.

"பெரியவர்கிட்டயே கேட்டு வாங்கிக்கோங்க."

பியானோவின் மூடி அறைந்து சாத்தப்பட்டது. மேலங்கியை மாட்டிக்கொண்டு லோசே வெளியேறினார். கேட்டவர் அறுபதின்மர், அவருக்காக வாய்திறந்தவர் ஒருவருமில்லை. மறுநாள் வேலை அவரவர்க்குப் பெரிதாயிற்று. தூ!

படம் வெளிவந்தது, சீபோல்டின் பெயரைச் சுமந்துகொண்டு. ரூடிகர் அமர்த்திய எவராலும் அந்த அடியை எழுத இயலவில்லை. அன்பரே, அப்படத்தை நீங்கள் காண நேர்ந்தால், வீட்டு வாயிலில் கால்வைக்கும் கணத்தில் இசை நின்றுபோவதைக் கேட்பீர்கள். அடுத்து வரும் அமைதியை மட்டும் எவராலும் திருட முடியவில்லை, அது லோசேயுடையது.