பரிசலைச் சுழலவைத்தவள்

இண்டூர் பக்கத்து அரசுப் பள்ளியில் கோடிங் கிளப்பைத் தொடங்கியவர்கள் ஒன்பதாம் வகுப்பு யுவராணியும் பிரியங்காவும்தான். மாணவர்களே இப்படிக் கிளப் நடத்தப் பள்ளிதோறும் உதவும் ஒரு தொண்டு அமைப்பு, பழைய லேப்டாப்புகளை அனுப்பியிருந்தது. அமைப்பைச் சேர்ந்த சசிகலா அக்கா வாராவாரம் போனில் பேசுவார். மற்றதெல்லாம் பிள்ளைகள் பாடு.

இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு எழுதினார்கள். ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே பரிசல் ஓட்ட வேண்டும். பரிசலைச் சுழலவைத்தது பிரியங்கா. அது சுழன்ற அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஓடிக் காட்டினாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து அவள் வரவில்லை. தங்கள் ஊரான வத்தல்மலையிலிருந்து அவள் அப்பாவும் அம்மாவும் குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனபோது, கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப்போயிருந்தார்கள்.

சேலத்தில் எல்லாக் கிளப்புகளும் கூடித் தாங்கள் செய்ததைக் காட்டும் நாள் நெருங்கியது. பரிசலோ பாறையில் மோதாமல் அதற்குள்ளேயே புகுந்து போனது. யுவராணிக்குக் காரணம் பிடிபடவில்லை. பிரியங்காவின் அப்பா போனுக்கு அழைத்தாள்.

“எழுதுனத அப்படியே படிடி,” என்றாள் பிரியங்கா. பின்னால் தம்பி அழுதுகொண்டிருந்தான். யுவராணி வரி வரியாகப் படித்தாள்.

“இரு, இரு. நகந்தப்புறம்தான் பாறை இருக்குதான்னு பாக்குது. முன்னாடியே பாக்கச் சொல்லு.”

மாற்றியதும் பரிசல் பாறையில் முட்டி நின்றது.

“நின்னுடுச்சு புள்ள!”

“சுத்துறது நல்லா சுத்துதா?”

“சுத்துது.”

“பாக்கணும் போல இருக்குது,” என்றாள் பிரியங்கா.

சேலத்தில் சசிகலா அக்கா, “உன்கூட இருந்த பொண்ணு எங்கம்மா?” என்று கேட்டார்.

“பறிப்பு முடிஞ்சதும் வந்துருவாக்கா. அவ எடத்துல வேற யாரையும் போட்டுடாதீங்க.”

ஜூனில் பள்ளி திறந்தது. மலை பஸ் வரும் நேரமெல்லாம் யுவராணி கேட்டருகே நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியங்காவே போன் செய்தாள்.

“அப்பாவுக்கு எஸ்டேட்ல நெலையா வேலை குடுத்துட்டாங்க. என்னையும் இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டாங்கடி. எல்லாம் கன்னடந்தான்.” சட்டென்று குரல் துள்ளியது. “ஆனா கம்ப்யூட்டர் இருக்குது. ஒருத்தரும் தொடறதில்ல. நானே கிளப் ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன். சசிகலா அக்கா நம்பர் குடு.”

யுவராணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனி அவள் வரமாட்டாள்.

“எழுதிக்க,” என்றாள். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரியங்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லும்போது, அடுத்ததைச் சொல்ல அவசரப்படாமல் யுவராணி அவள் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள்.