சுறாக்களின் லோஞ்சிப் பாட்டு

ராசமலருக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே உச்சந்தலைக்கு ஏறும். ஊரெல்லாம் அதைக் கேட்டுக் கையைக் காலை ஆட்டும். இவள் மட்டும் பல்லை நெருமுவாள். நெருமாமல் என்ன செய்வாள்? பாட்டைக் கட்டினவரும் பாடினவரும் அவளுடைய மனிசன் பாக்கியரத்தினம். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஆமிக்காரர் அன்புவழிபுரத்தைச் சுற்றி வளைத்து, உடுத்த சாரத்தோடு நின்ற மனிசனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இப்போது தொண்ணூற்றெட்டு. ஒரு மனிசனை எட்டு வருஷமாக விசாரிக்கிறதென்றால் அது என்ன விசாரணை ஐயா?

பாட்டை மட்டும் ஒருவராலும் பிடித்துக்கொண்டு போக முடியவில்லை. எழுபதுகளில் துறைமுகத்தில் வேலை செய்த நாலு பொடியள், பெல்பொட்டமும் தோளில் விழுகிற தலைமயிருமாக, எலெக்ட்ரிக் கிற்றாரும் ட்ரம்மும் வைத்துச் 'சுறாக்கள்' என்று ஒரு பான்ட் தொடங்கினார்கள். பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். இளசுகள் வேலி பாய்ந்து வந்து கேட்டன. மூதூரிலிருந்து லோஞ்சிப் படகில் வரப்போகிற மச்சாளுக்காக இறங்குதுறையில் வெயில் காய்கிற ஒருத்தனின் பாட்டுத்தான் அவர்களை எங்கேயோ கொண்டுபோய் விட்டது. பாக்கியரத்தினம் மைக்கைப் பிடித்து, "லோஞ்சி வந்திட்டுதா?" என்று கேட்பார். சனம் முழுக்க, "இன்னும் வரேல்லை!" என்று கத்தும். "மச்சாள் வந்திட்டாளா?" "இன்னும் வரேல்லை!" அவ்வளவுதான் பாட்டு. பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்றைக்கு வேலி பாய்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு அதைக் கத்துகிறார்கள். நிலாவெளி பஸ்ஸில் அதுதான் போகிறது. தம்பலகாமத்தில் கலியாணவீடென்றால் அது இல்லாமல் மாப்பிள்ளை இறங்கமாட்டான்.

போகட்டும், அவர்களாவது எங்கடை சனம். அன்றைக்குக் காலையில் இடியப்பப் பெட்டியோடு ராசமலர் கடைகளுக்குப் போகிறாள். சோதனைச் சாவடியில் பெட்டியைக் கிளறின ஆமிச் சென்றிப் பொடியன், மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன், அதே மெட்டை வாய்க்குள் முணுமுணுக்கிறான். தமிழில் நாலு சொல் தெரியாதவன், "இன்னும் வரல்லே" என்று இழுத்துவிட்டு, "அம்மா, நல்ல பாட்டு" என்று சிரிக்கிறான். ஓமடா, நல்ல பாட்டுத்தான், பாடினவரைக் கொண்டுவா, முழுசாய்ப் பாடச் சொல்லுறன் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பெட்டியை மூடினாள். பாட்டுக்குப் பாஸ் தேவையில்லை, அடையாள அட்டை தேவையில்லை, எந்தச் சாவடியிலும் அதை இறக்கி நிற்பாட்டமாட்டார்கள். எல்லாருக்கும் பாட்டு வேணும். பாடின மனிசன் எங்கே என்று கேட்க மட்டும் ஒரு நாய்கூட இல்லை.

இப்படி வெந்துகொண்டிருந்தவளிடம்தான் குலசிங்கம் வந்து சேர்ந்தான். சுறாக்களில் கிற்றார் அடித்தவன். இப்போது தலை வழுக்கை, வயிறு முன்னுக்கு. கதிரை நுனியில் இருந்துகொண்டு கதையைத் தொடங்கினான்.

"அண்ணி, பான்ட் தொடங்கி இருபத்தைஞ்சு வருஷமாச்சு. கடற்கரை மைதானத்திலை ஒரு விழா வைக்கினம். பாக்கியண்ணையின்ரை இடத்திலை உங்கடை மகள் யோகமலர் நிண்டு பாடினாளெண்டால்…"

"ஆர் வைக்கிறது?"

"நட்புறவுக் குழு எண்டு ஒண்டு. ஆமி முகாம் பெரியவர்தான் பிரதம விருந்தாளி. சின்ன வயசிலையிருந்து அவருக்கும் இந்தப் பாட்டெண்டால் உயிராம்."

"உயிராமோ? ஆரின்ரை உயிர், குலம்? உமக்கு வெக்கமில்லையோ, என்னட்டை வந்து இதைச் சொல்ல?"

குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த யோகமலர் வெளியே வந்தாள். தகப்பனைக் கொண்டுபோனபோது பத்து வயது, இப்போது பதினெட்டு. "நான் பாடுறன் மாமா" என்றாள்.

"வாயை மூடடி!"

"மூடமாட்டன். உங்களுக்கு அப்பாவோடை சீவிச்ச காலம் இருக்கு. எனக்கு அவர் பாடின அந்தக் கசெற் மட்டும்தான் இருக்கு. அதைப் போட்டாலும் ஓடிவந்து நிப்பாட்டுறீங்கள். அவர்ரை குரலைக்கூட எனக்குத் தரமாட்டீங்களோ?"

ராசமலருக்குச் சுருக்கென்று தைத்தது. மகள் சொன்னது சரி என்பதுதான் இன்னும் கோபம். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கிக் குலசிங்கத்துக்கு முன்னால் தெறிக்கிற மாதிரி வைத்தாள்.

"கேளும் குலம். அவர்ரை படம் வைப்பீங்கள் எண்டு தெரியும். வையுங்கோ. மாலை போடக்கூடாது. விளக்குக் கொளுத்தக்கூடாது. 'மறைந்த' எண்டு ஒரு சொல் மைக்கிலை வரக்கூடாது. என்ரை நெத்தியிலை பொட்டு இருக்கு, கழுத்திலை தாலி இருக்கு. அவரைச் செத்தவராக்கிப்போட்டு ஆரும் பாட்டுக் கேக்க ஏலாது."

"என்ரை பிள்ளையளாணை, போடவிடமாட்டன் அண்ணி."

பொழுது சாய்ந்தால் சனம் வெளிக்கிடாது என்று விழாவை மத்தியானம் திரும்பினதும் வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அப்படியும் மைதானம் கொள்ளாத சனம். அந்தக் காலத்து வாலிபர்கள் தலைக்கு மை பூசிக்கொண்டு, பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். ராசமலருக்கு முன்வரிசையில் கதிரை. இரண்டு கதிரை தள்ளி முகாம் பெரியவர், மடிப்புக் குலையாத சீருடையில். மேடையில் யோகமலர் தகப்பனின் பழைய கட்டம்போட்ட சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

அறிவிப்பாளர் மேடையின் நடுவில் தொங்கின திரைச்சீலையை இழுத்தார். உள்ளே பாக்கியரத்தினத்தின் படம், அதே சிரிப்பு, அதே தலைமயிர். கழுத்தைச் சுற்றித் தடித்த ஒரு பூமாலை. கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எங்களை விட்டு மறைந்த மாபெரும் பாடகருக்கு எல்லாரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி!"

முதலில் எழும்பினது யார் என்று நினைக்கிறீர்கள்? முகாம் பெரியவர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலை குனிந்தார். அவர் குனிய, சனம் முழுவதும் குனிந்தது. அட பாவிகளே! ஆளைக் கொண்டுபோனதும் நீங்கள், செத்தவீடு செய்கிறதும் நீங்களோ? ஒரு எலும்புத்துண்டைக்கூடக் கண்ணில் காட்டாமல், ஒரு நிமிஷத்தில் கதையை முடிக்கப் பார்க்கிறீர்களோ?

"ஆரடா செத்தது?"

ராசமலரின் குரல் அந்த மௌனத்துக்குள் போட்ட போட்டில் குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையில் ஏறினாள். விளக்கை ஊதி அணைத்தாள். மாலையைப் பிடித்து இழுத்த இழுப்பில் படம் ஆடியது.

"அண்ணி, நான் போடேல்லை. குழுக்காரர் கடைசி நேரத்திலை கொண்டுவந்து…" குலசிங்கம் கிற்றாரோடு பின்னுக்குப் போனான்.

"நீர் பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்!"

அறிவிப்பாளர் கையைக் காட்டினார். ட்ரம்காரன் அடிக்கத் தொடங்கினான். குலசிங்கத்தின் விரல்களும் பழைய பழக்கத்தில் கிற்றாரில் ஓடின. அந்த மெட்டுக் கேட்டதுதான் தாமதம், சனம் விசிலடித்தது. ஒரு கணத்தில் எல்லாம் மறந்துபோச்சு. இந்தச் சனத்துக்கு ரோசம் என்று ஒன்று இருக்கிறதோ இல்லையோ! ராசமலருக்கு அந்தக் கிற்றாரை வாங்கித் தரையில் அடிக்கவேண்டும் போல இருந்தது.

யோகமலர் மைக்குக்குக் கிட்ட வந்தாள். தாயைப் பார்த்தாள். தாயின் கையில் தொங்கின மாலையைப் பார்த்தாள். பிறகு, லோஞ்சியைக் கேட்கவேண்டிய இடத்தில், அதே மெட்டில், தகப்பன் இழுக்கிற அதே இழுவையில் கேட்டாள்:

"என்ரை அப்பா வந்திட்டாரா?"

வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. கிழவனும் குமரியும் தோளில் இருந்த குஞ்சுகளும் ஒரே குரலில் கத்தினார்கள்: "இன்னும் வரேல்லை!" வேலியோரம் துவக்கோடு நின்ற சென்றிப் பொடியன்கூடச் சேர்ந்து கத்தினான்.

கத்தின பிறகுதான் என்ன கத்தினோம் என்று சனத்துக்கு விளங்கியது. ட்ரம் நின்றது. கிற்றார் நின்றது. சென்றிப் பொடியன் வாயைப் பொத்திக்கொண்டான்.

யோகமலர் விடவில்லை. "பாக்கியரத்தினம் வந்திட்டாரா?"

சனம் பெரியவரின் முகத்தைப் பார்த்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எட்டு வருஷமாக அந்தப் பாட்டுக்கு வாய் திறக்காத ராசமலர் மேடை விளிம்புக்கு வந்தாள். பெரியவருக்கு நேரே நின்றாள். தொண்டை கிழியக் கத்தினாள்: "இன்னும் வரேல்லை!"

சனத்துக்குள் இருந்து ஒரு பொம்பிளைக் குரல் எழும்பியது. "என்ரை மகன் சிவகுருநாதன் வந்திட்டானா?" அதே மெட்டு. இந்த முறை பழக்கத்தில் ஒருத்தரும் கத்தவில்லை. தெரிந்தே கத்தினார்கள். "இன்னும் வரேல்லை!" பிறகு இன்னொரு பெயர், இன்னொரு மூலையில் இருந்து. அறிவிப்பாளர் ஓடிப்போய் மைக்கின் வயரைப் பிடுங்கினார். பிடுங்கி என்ன, அந்தப் பாட்டுக்கு எந்தக் காலத்தில் மைக் தேவைப்பட்டது?

பெரியவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ராசமலர் மேடையை விட்டு இறங்கிச் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஜீப் வெளிக்கிட முதல் அந்த மாலையைக் கண்ணாடியில் ஓங்கி அடித்தாள்.

"உங்கடை மாலையைக் கொண்டுபோங்கோ! என்ரை ஆளைக் கொண்டுவாங்கோ!"