வயலைப் பார்த்த வாசல்

செங்கல் என்ற ஊரின் பக்கத்தில் அந்தச் சின்னக் கிறிஸ்தவச் சபை ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிவது ஜன்னல்கூட இல்லாத ஒரு வெள்ளைச் சுவர்தான். வாசலுக்குப் போக, சுவரைச் சுற்றி வயலில் இறங்கி, கிருஷ்ணன்குட்டியின் வாழைத்தோட்ட வரப்பில் நடக்கவேண்டும். பக்கத்து ஊரான திருப்புறத்துக்காரர்கள் அதற்கு முதுகுச் சபை என்று பேர் வைத்திருந்தார்கள்.

புஷ்பபாய் டீச்சரின் மகன் சிபினுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே கூசும். ஓணம் கழிந்து அவனுக்கு இதே சபையில் கல்யாணம். பெண் ரேஷ்மியின் வீட்டார் நெய்யாற்றின்கரையிலிருந்து கார்களில் வருவார்கள். அவர்களைச் சேற்றில் இறக்குவதா? இன்ஜினியரான அவனே பிளான் வரைந்து கமிட்டியில் வைத்தான். ரோட்டுச் சுவரை உடைத்து முகப்பு வைக்கவேண்டும். பீடத்தை மறுபக்கம் மாற்றவேண்டும். சபைப் போதகரான அச்சனுக்குப் பிடித்திருந்தது. கமிட்டி பாதிக்குப் பாதி பிரிந்தது. எந்தப் பக்கமும் கை தூக்காதது டீச்சர் மட்டும்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் பேசவில்லை. வீட்டிலும் மடியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு மணிக்கணக்காக அப்படித்தான் இருப்பார். மகன் முகம் வாடினால் தாங்காது அவருக்கு. ஆனாலும் கை எழவில்லை. டீச்சர் உறங்கியாச்சு, அடுத்த ஆளிடம் கேளுங்கள் என்று கமிட்டிக்காரர் பாலையன் கேலி செய்தார்.

"ரோட்டுல போறவன் நம்மளப் பாத்துச் சிரிக்கியான் அம்மா," என்றான் சிபின்.

"சிரிக்கட்டு மக்கா. நம்ம ஆளுவ அந்த ரோட்டுல நடக்கப்பிடாதுன்னு இருந்த காலத்துல வச்ச ஓலை ஷெட்டாக்கும் இது. வயல் வழியா வந்தாவ, வயலப் பாத்து வாசல் வச்சாவ."

"இப்போ ரோட்டுல யாரு தடுக்கியாவ?"

"கல்லுல கட்டும்போ ரோடு தொறந்தாச்சு. வாசல ரோட்டுக்குத் திருப்புங்கன்னு வெள்ளைக்கார மிஷன் சாய்ப்பு சொன்னாரு. நம்ம ஆளுவ திருப்பல்ல. நாங்க வந்த வழிய ஊரும் வந்து பாக்கட்டுன்னு சொன்னாவ."

பாலையன் சிரிப்பை நிறுத்தினார். வேறு போக்கில்லாமல்தான் வாசல் அந்தப் பக்கம் போயிற்று என்று சிபின் இத்தனை நாள் நினைத்திருந்தான். வேண்டுமென்றே வைத்தது என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. டீச்சரும் சொன்னதில்லை. அது இப்போதுதான் அவருக்கே உறைத்தது.

பிளான் வேண்டாம் என்ற பக்கம் டீச்சர் கை தூக்கினார். அதோடு முடிந்தது. சிபின் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனான். பிறகு பல நாள் இருவரும் ஒரே மேசையில் பேசாமல் சாப்பிட்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்ல மழை. கல்யாணத்தன்று காலையில் கார்கள் வெள்ளைச் சுவரோரம் வரிசையாக நின்றன. ரேஷ்மியின் மாமன் இறங்கி சுவரை மேலும் கீழும் பார்த்தார். இடம் மாறி வந்துவிட்டோமோ, வாசலே இல்லையே என்று கேட்டார். வரவேற்க நின்ற சிபினைப் பார்க்க டீச்சர் துணியவில்லை.

"வாசல் வயல் பக்கம் உண்டு மாமா," என்றான் சிபின். "ரோட்டப் பாத்து வைக்க நாங்க சம்மதிக்கல்ல."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். ரேஷ்மி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் இறங்கினாள். மாமன் காரணம் கேட்க, அவன் திரும்பித் திரும்பிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி கதையைச் சொல்லிக்கொண்டே போனான். சாய்ப்பு மூன்று தடவை கெஞ்சியும் நம் ஆட்கள் அசையவில்லை என்று சொல்வது கடைசியில் வந்த டீச்சர் வரை கேட்டது.

கெஞ்சினதாக டீச்சர் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அவர் அதைத் திருத்தப் போகவில்லை.